பரிகாரப் பால்

எங்கள் கொல்லையில் கட்டியிருந்த பசுவைப் போலச் சாதுவான பிராணியை வாணியம்பாடி முழுக்கத் தேடினாலும் பார்த்திருக்க முடியாது. தெருக்குழந்தைகள் அதன் வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்கும். அதைப் பார்த்துத்தான் நான் நடுங்கினேன். புலிக்குப் பயந்தேன் என்றால் கேட்கிறவர்கள் நம்புவார்கள். பசுவுக்குப் பயந்தேன் என்றால் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும் என்று தோல் பதனிடுகிற பாலாற்றங்கரை ஷாப்புகளில் ஆள் போதாமல் தவித்தார்கள். திமிரிப் பக்கம் மழை பொய்த்து, ஏரை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்த என் புருஷன் சுப்பராயன் அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்துக் கட்டைமேல் போட்டு மயிரைச் சுரண்டுவது அவருடைய வேலை. பொங்கலுக்குப் பொங்கல் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிய கை அது. நாளெல்லாம் மாட்டுத்தோலைச் சுரண்டிவிட்டு வந்து சோற்றின் முன்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. நான் என்ன குழம்பு வைத்தாலும் பாதித் தட்டோடு எழுந்துவிடுவார்.

இந்த ஊரில்தான் எங்கள் முதல் பெண் காமாட்சி பிறந்தாள். பிறந்த சில வாரங்களிலேயே கன்னமெல்லாம் சிவந்து கரப்பான் வந்தது. பிறகு மலத்தில் சளியும் ரத்தமும். மாந்தம் என்றார்கள், செவ்வாப்பு என்றார்கள், மருந்து உரைத்துக் கொடுத்தோம். அந்தச் சமயத்தில் எனக்கு விஷ ஜுரம் வந்து படுத்துவிட்டேன். என் பால் அவளுக்கு ஆகாது என்று பிரித்து வைத்து, என் நாத்தனார் பட்டம்மாள் பசும்பால் புகட்டினாள். நான் எழுந்து உட்கார்ந்தபோது குழந்தை இல்லை. குடித்ததையெல்லாம் கக்கினாளாம். உடம்பு முழுக்கத் தடித்துப்போனதாம். கடைசியில் அழக்கூடத் தெம்பில்லையாம். எல்லாமே 'ஆம்'தான் எனக்கு. நான் எதையும் பார்க்கவில்லை.

பட்டம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் புருஷனுக்கு அக்கா, எனக்கு அண்ணி. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். பிறக்கும் முன்பே தவறிப்போன தன் குழந்தைக்காக வாங்கிய ஒரு பித்தளைச் சங்கை, பால் புகட்டும் சங்கை, புடவை முந்தானையில் சுற்றித் திமிரியிலிருந்து கொண்டுவந்தவள். அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தங்கம் மாதிரி வைத்திருப்பாள். ஊரையே ஒரு அதட்டலில் உட்கார வைக்கும் வாய். எனக்கும் அவளுக்கும் ஆகாது. ஆனால் காமாட்சிக்காக அவள் அழுததைப் போல நான்கூட அழவில்லை.

அழுது முடித்ததும் அவளே காரணத்தையும் கண்டுபிடித்தாள்.

"பசுவோட தோலுல கைய வெச்சான் இல்ல? அதான் பசு நம்ம வூட்டுப் புள்ள வயித்துல கைய வெச்சிடுச்சு" என்றாள்.

என் புருஷனுக்குள் ஏற்கெனவே இருந்ததைத்தான் அக்கா வாய்விட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து ஷாப்பிலிருந்து வந்ததும் அவரைக் கொல்லையிலேயே நிறுத்தி, புளியும் சாம்பலும் கொடுத்து முழங்கை வரை தேய்க்கச் சொல்லுவாள். தேய்த்த கையை மோந்து பார்ப்பாள். வாசனை போகவில்லை என்று மறுபடி தேய்க்கச் சொல்லுவாள். அவர் தோல் உரிந்துவிடுமோ என்று எனக்கு எரிச்சல் வரும்.

நான் மறுபடி முழுகாமல் இருந்தபோது பட்டம்மாள் திமிரிக்குப் போய் இந்தப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வேண்டிக்கொண்டாள். பிறக்கிற குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரை தாய் இந்தப் பசுவின் பாலைக் காலையும் மாலையும் குடிக்க வேண்டும். ஏழாம் மாதம் பிறந்ததும் பிள்ளைக்கே சங்கில் புகட்ட வேண்டும். பசுவின் கோபம் பசுவின் பாலாலேயே தணிய வேண்டும். அதுதான் பரிகாரம்.

பையன் பிறந்தான். அருணகிரி என்று பெயர் வைத்தோம். பட்டம்மாள் பூண்டை உரித்துப் போட்டுப் பால் காய்ச்சி, சொம்பு சொம்பாகக் கொடுத்தாள். தாய்ப்பால் பெருகும், பாவமும் கரையும் என்றாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

கொஞ்ச நாளில் அவன் கன்னத்திலும் சிவப்பு தெரிந்தது. துணியில் முதல் ரத்தக் கோடு தெரிந்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே சிவப்பு, அதே கோடு. பால் குடித்துவிட்டு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு காமாட்சி எப்படிக் கத்தினாளோ அப்படியே இவனும் கத்தினான். இவனையும் கூப்பிட எமன் வந்துவிட்டான் என்று நினைத்தேன். மடியில் போட்டுக்கொண்டு மூச்சு வருகிறதா என்று விரலை மூக்கில் வைத்து வைத்துப் பார்ப்பேன். தூங்கினாலும் பயம், அழுதாலும் பயம்.

வசம்பு சுட்டுத் தடவினோம். கடுக்காய் உரைத்துக் கொடுத்தோம். ஷாப்பில் தோலைப் பதப்படுத்துகிற அதே கடுக்காய்தான். அதைப் பார்த்தாலும் என் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார். எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை. ரத்தம் அதிகமாக ஆக, பட்டம்மாள் எனக்குக் கொடுக்கிற பாலையும் அதிகமாக்கினாள்.

அப்படியிருக்கும்போது திமிரியில் அவளுடைய ஓரகத்தி செத்துப்போனதாகச் செய்தி வந்தது. காரியம் முடியும் வரை அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. யாரையும் தொந்தரவு செய்யாத அந்தப் பசு, நான் மடியில் கை வைத்தால் மட்டும் உதைத்தது. பக்கத்து வீட்டு ஹலீமா பீயின் புருஷன் மக்பூல் அகமது தோல் பதனிடுகிற மரப்பட்டைக் கிடங்கில் மேஸ்திரி. எருமைகளோடு வளர்ந்தவர். அவர் வந்து கறந்து கொடுத்தார். இருந்த மனநிலையில் அடுப்பை மூட்டிப் பால் காய்ச்ச எனக்கு எங்கே தெம்பு? நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹலீமா பீயிடம் கொடுத்துவிட்டேன். கஞ்சியும் துவையலும் தின்றுகொண்டு கிடந்தேன்.

கொஞ்ச நாளில் ரத்தம் நின்றது. கன்னத்தில் புதுத்தோல் வந்தது. அருணகிரி ஒரு காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பட்டம்மாள் திரும்பி வந்தாள். வந்த கையோடு பூண்டுப் பால் காய்ச்சினாள். குடித்தேன். மறுநாள் துணியில் ரத்தம்.

அப்போதுதான் கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு அந்தப் பசுவை முதல்முறையாகப் பயத்தோடு பார்த்தேன். அது அசை போட்டுக்கொண்டிருந்தது. என் வயிற்றில் இறங்குவது என் மார் வழியாக அவன் வயிற்றுக்குப் போகிறதா? அப்படியெல்லாம் நடக்குமா? பால் என்றால் அமிர்தம், எனக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அமிர்தவள்ளி. இதை யாரிடம் போய்ச் சொல்லுவேன்? மறுபக்கமும் பயமாக இருந்தது. இது நிஜமாகவே பரிகாரமாக இருந்து, நான் நிறுத்தி, அதனால் இவன் போய்விட்டால்? என்னிடம் இருந்தது வெறும் சந்தேகம். ஒரு உயிரை வைத்துச் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்கிற துணிச்சல் எந்தத் தாய்க்கு வரும்? எனக்கு வரவில்லை. துணியில் கண்ட அந்த ரத்தம்தான் என்னைப் பிடித்துத் தள்ளியது.

"பசுவுக்கு முன்னால நின்னு குடிச்சா இன்னும் நல்லது அண்ணி" என்று சொல்லிவிட்டுச் சொம்பைக் கொல்லைக்கு எடுத்துப் போனேன். பட்டம்மாளுக்கு என் பக்தியைப் பார்த்துப் பூரிப்பு. நடுச்சுவர் இடுப்பளவு உயரம்தான். அந்தப் பக்கம் ஹலீமா பீ குண்டானோடு நின்றாள்.

"இன்னா அமிர்தம், இது சாமிக்கு நேந்துகிட்ட பாலாமே? நாங்க குடிச்சா உங்க வூட்டுக்கு எதாச்சும் ஆவுமா?" என்று கேட்டாள்.

"நான் குடிச்சாத்தான்க்கா ஆவுது. நீ வாங்கிக்கோ."

"வெளிய தெரிஞ்சா பேஜாராயிடும். உங்க அண்ணி வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

"தெரியாம பாத்துக்கலாம்."

அவளும் பயந்தாள், நானும் பயந்தேன், பால் மட்டும் இரண்டு வேளையும் சுவரைத் தாண்டியது. எங்கள் பரிகாரத்தைக் குடித்து ஹலீமா பீயின் பையன் ஜியாவுல்லா பூசணிக்காய் மாதிரி உருண்டு திரண்டான். என் பையனும் தேறினான். தொடையில் மடிப்பு விழுந்தது. குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, எச்சிலை ஒழுகவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

பட்டம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். "பசு மனசு குளுந்துடுச்சு. பால் குடிக்கக் குடிக்க எப்படித் தேறிட்டான் பாத்தியா?" சாயங்காலமானால் பசுவின் நெற்றியில் மஞ்சள் பூசி அதன் காதில் ரகசியம் பேசினாள். முந்தானையிலிருந்து சங்கை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்த வேலை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது பாருங்கள். ஒளித்து ஒளித்து நான் அவனைத் தேற்றினேன். அவன் தேறத் தேறப் பால்மேல் அவர்களுக்கு நம்பிக்கை ஏறியது. என் வழியாகப் போன பாலே ரத்தமாக வந்தது என்றால், நேராகச் சங்கில் ஊற்றினால்? காமாட்சிக்கு அப்படித்தானே ஊற்றினார்கள்? அந்த நினைப்பு வந்ததும் அடுப்பில் சோறு தீய்வதுகூடத் தெரியாமல் நிற்பேன்.

ஒரு சாயங்காலம், கொல்லையில் கை தேய்த்துக்கொண்டிருந்த புருஷனிடம் போய் நின்றேன்.

"இந்தாங்க, புள்ளைக்குப் பால் ஊத்த வேணாம்னு அண்ணிகிட்ட சொல்லுங்களேன்."

"ஏன்?"

"அவனுக்கு ஒத்துக்காதுன்னு தோணுது."

அவர் கை நின்றுவிட்டது. "நீ குடிச்சதாலதான அவன் தேறிக்கிறான்? இப்பப் போயி வேணாம்னா அது இன்னா நெனைக்கும்?" என்று பசுவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஒவ்வொரு தோலையும் கட்டையில போடறப்ப மன்னிச்சுக்கம்மான்னு சொல்லிட்டுத்தான் கத்திய வெக்கிறேன். இந்தப் பால் ஒண்ணுதான் எனக்குத் தெம்பு. அதையும் புடுங்கிடாத அமிர்தம்."

கோபம் வந்தது. பரிதாபமும் வந்தது. பாலைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்? திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கொல்லையை மெழுகிக் கோலம் போட்டார்கள். தெருப் பெண்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். சுவருக்கு அப்பால் ஹலீமா பீயின் தலை தெரிந்தது. அவள் முகத்திலும் ரத்தம் இல்லை. பட்டம்மாள் பசுவுக்கு எதிரே மணையில் உட்கார்ந்து, அருணகிரியை மடியில் சாய்த்துக்கொண்டாள். கறந்த பாலைக் காய்ச்சி ஆற்றிச் சங்கில் ஊற்றினாள். அது வெயிலில் மின்னியது.

"அண்ணி, வேணாம் அண்ணி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கண்ணு பட்டுடும்னு பயப்படறியா? சுத்திப் போட்டுக்கலாம் வுடு" என்று சிரித்தாள்.

சங்கு சாய்ந்தது. அவன் குடித்தான். நாக்கை நீட்டிச் சப்புக் கொட்டினான். பெண்கள் சிரித்தார்கள். இன்னொரு மடக்கு. நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. நான்தான் பைத்தியக்காரியோ, இத்தனை நாளும் சாமி காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைப்பதற்குள் அவன் கையால் வாயைத் தேய்த்தான். தேய்த்த இடம் சிவந்து தடித்தது. உதடு வீங்கியது. தடிப்பு கழுத்தில் இறங்கி வயிற்றில் பரவியது. கொழகொழவென்று கக்கினான், மறுபடி கக்கினான். பிறகு தலை தொங்கிவிட்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

பாய்ந்து அவனைப் பிடுங்கிக்கொண்டேன். குப்புறக் கவிழ்த்து முதுகைத் தட்டினேன். வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். இன்னும் கொஞ்சம் கக்கினான்.

"கோவம் தீரல! அதுக்குக் கோவம் தீரல!" என்று கத்திக்கொண்டு என் புருஷன் பசுவின் காலடியில் விழுந்தார். பட்டம்மாள் மறுபடி சங்கை எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் குடுத்தா அடங்கிடும்டி, குடுடி அவன" என்றாள்.

அந்தச் சங்கைத் தட்டிவிட்டேன். அது கல்லில் மோதி உருண்டது.

"பால்தான் அண்ணி! இவனக் கொல்றது இந்தப் பால்தான்! நான் குடிக்கவே இல்ல! நீ குடுத்தது ஒரு சொம்புகூட என் வயித்துக்குப் போவல! அதனாலதான் அவன் தேறினான்!"

பட்டம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். அப்போது ஹலீமா பீ சுவரைத் தாண்டிக் குதித்தாள். வெளியே தெரிந்தால் பேஜார் என்று பயந்தவள்தான்.

"அல்லா மேல சத்தியம். அத்தனை பாலும் எங்க வூட்டுக்குத்தான் வந்துச்சு. குடிச்சது என் புள்ள. நம்பலன்னா அவன் ஒடம்பப் பாருங்க" என்றாள். பிறகு என் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏந்திரு பாய், போயி ஜட்கா இட்டுனு வா! டாக்டர் வூட்டுக்குப் போவணும்!"

அவர் ஓடினார். வண்டி வருகிற வரையில் நான் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு விசில் மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். காமாட்சி கண்ணை மூடியபோது நான் பக்கத்தில் இல்லை. இவன் மூடினால் பார்க்க வேண்டியிருக்குமே என்று நினைத்தேன். அடுத்தது வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. மெல்ல மெல்ல விசில் குறைந்தது. ஜட்கா வாசலில் வந்து நின்றபோது அவன் பலவீனமாக, ஆனால் கோபமாக அழுதான். அந்தக் கோபத்தைக் கேட்டதும் அவனை இன்னும் இறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, கக்கினதால்தான் பிழைத்தான், இனி அந்தப் பக்கமே காட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தபோது பட்டம்மாள் காலையில் உட்கார்ந்த அதே மணையில் உட்கார்ந்திருந்தாள். சங்கு கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவனுக்கு உயிர் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டாள். கிட்டே வரவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"அப்ப, காமாட்சிக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் எத்தனையோ நாளாக என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சுவருக்கு அப்பால் பாலை ஊற்றும்போதெல்லாம் அதைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன். நீதான் ஊற்றினாய் என்று ஒரே ஒரு வாக்கியம். சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். அவள் தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஷாப்பிலிருந்து வந்து அப்படித்தான் உட்காருவார்.

"அவ பொறந்தப்ப நானும்தான பசும்பால் குடிச்சிட்டு அவளுக்குப் பால் குடுத்தேன் அண்ணி" என்றேன். "ரெண்டு பேரும்தான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் புருஷன் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், குழந்தை மாதிரி கேட்டார். "அப்ப அதுக்கு என்மேல கோவம் இல்லியா?"

"இல்லீங்க. அது பாட்டுக்குப் பால் குடுத்துச்சு. அவ்ளோதான்."

அன்றைக்கு அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

பசுவை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தபோது பட்டம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. "வித்தா சுத்திச் சுத்தி உன் கட்டைக்குத்தான்டா வந்து சேரும்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள். அது கொல்லையிலேயே நின்றது. அவளே கறந்தாள். பால் இப்போது எல்லோரும் பார்க்கச் சுவரைத் தாண்டிப் போயிற்று. எனக்குக் கொள்ளு ரசமும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் கொடுத்தாள். பையனை மட்டும் தொடவே மாட்டாள். அவன் தவழ்ந்து போய் அவள் புடவையைப் பிடித்தால் விலகிக்கொள்ளுவாள்.

ஒரு காலையில் கறந்துவிட்டு வந்தவள் உள்ளே வராமல் கொல்லையிலேயே நின்றாள். தம்பிக்கு வைத்திருந்த புளியையும் சாம்பலையும் எடுத்தாள். முழங்கை வரை தேய்த்தாள். கழுவினாள். மறுபடி தேய்த்தாள். முழங்கை சிவந்துபோயிற்று. அருணகிரி வாசற்படியில் கையை நீட்டி "ஊ ஊ" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் போகாமல் நேராக என்னிடம் வந்து, ஈரக் கைகளை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு அமிர்தம்" என்றாள். "இன்னும் பால் வாசன அடிக்குதா?"

மோந்து பார்த்தேன். பிறகு பையனைத் தூக்கி அந்தக் கைகளில் கொடுத்தேன்.